முற்பகல் ஒன்பது நாற்பது

என் தம்பி மனைவிக்கு அவள் வேலை செய்யும் நீதிமன்றத்தில் வைத்திருக்கும் பெயர் ‘ஒருநிமிஷம்’. பிரதான வாசலில் நிற்கும் பாதுகாப்புப் பணியாளர் அவள். கறுப்பு அங்கி போட்ட வக்கீல் வந்தாலும், இடுப்பில் குழந்தையோடு ஜீவனாம்சம் கேட்டு ஒருத்தி வந்தாலும், அவள் வாயிலிருந்து முதலில் வருவது “ஒரு நிமிஷம்” என்பதுதான். பையை இயந்திரத்தில் வைக்கச் சொல்வதும் சாவியைத் தட்டில் போடச் சொல்வதும் அதற்குப் பிறகு. பதினோரு வருடத்தில் அந்தச் சொல் அவள்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது வீட்டில் என் தம்பிகூட, “ஒருநிமிஷம் வந்தாச்சா?” என்றுதான் கேட்கிறான்.

நான் நாற்பது வருடம் நோயாளிகளைப் பராமரித்தவள். ஒரு ஆள் எதிரில் வந்தால் முகத்தை அப்புறம்தான் பார்ப்பேன், முதலில் கால். அவள் கால் மூன்று வருடமாகவே சரியில்லை. இடது கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நின்றால் வேறென்ன ஆகும்? சாயங்காலம் வந்ததும் முக்காலியில் காலைத் தூக்கி வைக்கச் சொல்லி, விரலிலிருந்து முழங்கால்வரை, இழுத்தால் நீளும் கட்டுத் துணியைச் சுற்றிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பால் கணுக்காலை அளந்து நோட்டில் எழுதுவேன். வலது இருபத்துமூன்று சென்டிமீட்டர். இடது இருபத்தாறு. மாதக்கணக்கில் அந்த இருபத்தாறு அசையவே இல்லை.

இந்த நிலையில்தான் இரண்டாம் மாடியில் ஒரு இடம் காலியானது.

இரண்டாம் மாடியின் கோடியில் குழந்தை சாட்சிகள் காத்திருக்கும் அறை இருக்கிறது. சாட்சி சொல்ல வரும் குழந்தையைப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக, எதிராளியின் கண்ணில் படாமல் மேலே கூட்டி வர வேண்டும். சோதனை போட வேண்டும். கூப்பிடும்வரை கூடவே உட்கார்ந்திருந்து, கூப்பிட்டதும் நீதிபதியின் முன்னால் கொண்டுபோய் விட வேண்டும். ஒன்பது வருடம் அந்த இடத்தில் இருந்தவர் ஓய்வுபெற்றார். பாதுகாப்புப் பிரிவில் நாற்பது பேருக்குமேல் இருக்கிறார்கள்; அவர்களில் உட்கார்ந்து செய்யும் வேலை இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

இவள் அந்த வேலையை ஏற்கெனவே பார்த்தவள். போன வருடம் அவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆறு வாரம் மாற்றாளாகப் போனாள். இரண்டாம் நாளே ஏழு வயதுப் பையன் ஒருவன் டிடெக்டரைப் பார்த்து மேசைக்கடியில் புகுந்துகொண்டான். டிடெக்டர் என்றால், உடம்பை ஒட்டி நகர்த்தினால் உலோகம் இருக்கும் இடத்தில் கூவுமே, அந்தக் கைக்கருவி. இவள் தரையில் உட்கார்ந்து அதை மேசைக்கடியில் நீட்டியிருக்கிறாள்.

“முதல்ல நீ என்னைச் சோதிச்சுப் பாரு. நான் நல்லவளா கெட்டவளான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் சோதித்தான். சட்டைப் பொத்தானில் கூவியது, இடுப்புப் பட்டையில் கூவியது, சாவிக்கொத்தில் ஊரையே கூட்டியது. “நீங்கதான் திருடி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தானாகவே கையை விரித்து நின்றானாம். அதற்குப் பிறகு அந்த ஆறு வாரமும் அதே முறைதான்: குழந்தை இவளைச் சோதிக்கும், பிறகு இவள் குழந்தையை. அழுதுகொண்டே சாட்சி சொல்ல வரும் பிள்ளைகள் குறைந்துவிட்டதாக நீதிபதி அம்மாவே சொன்னார்.

ஆறு வாரம் முடிந்து வாசலுக்குத் திரும்பியவள், அந்த இடம் வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் காலியிட அறிவிப்பு ஒட்டிய அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைவரை வந்துவிட்டாள். இந்த வீட்டில் செருப்போடு சமையலறைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று இருபது வருடமாக அவளுக்குத் தெரியும்.

“ஒட்டிட்டாங்க அக்கா.”

என் தம்பி தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவன். எந்த வேலைக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு என்று நம்புகிறவன்.

“நீதிபதி அம்மாவே உன்னைப் பாராட்டினாங்கள்ல? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது” என்றான்.

“அவங்க சொல்லி ஆகாது. சீஃப் நெனைச்சாலும் ஆகாது. முறை இருக்கு” என்றாள் அவள். சீஃப் என்பது பாதுகாப்புப் பிரிவின் தலைமை அலுவலர்.

“என்ன பெரிய முறை?”

“எடம் காலியானா ஏழு வேலைநாள் போர்டுல ஒட்டணும். வேணுங்கறவங்க படிவம் எழுதிக் கொடுக்கணும். அந்த எடத்துக்கு உண்டான பயிற்சிச் சான்றிதழ் இருக்கணும். அப்படி இருக்கறவங்கள்ல யாரு சீனியரோ அவங்களுக்கு. சீனியரை விட்டுட்டு ஜூனியருக்குக் கொடுத்தா, ஏன் கொடுத்தேன்னு சீஃப் எழுத்துல எழுதணும். அப்புறம் தொண்ணூறு நாள் பார்ப்பாங்க. சரியா வரலைன்னா பழைய எடத்துக்கே போயிடணும்.”

“அப்ப யாரு கால்லயாவது விழணும்னு அவசியமில்லையா?”

“என் கால்லயே நிக்க முடியல, இதுல அடுத்தவங்க கால்ல எங்க விழறது?”

குழந்தை சாட்சிகளைக் கையாளும் பயிற்சியை முடித்தவர்கள் மொத்தம் நாலு பேர். அதில் படிவம் கொடுத்தவர்கள் இரண்டே பேர்: இவள், விசில்.

விசில் இவளோடு அதே வாசலில் நிற்பவன். எக்ஸ்ரே திரையில் பைகளைப் பார்க்கும்போது பல்லிடுக்கில் மெல்ல விசிலடித்துக்கொண்டே பார்ப்பான். விசில் நின்றால் பையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கெட்டவன் இல்லை. அவன் அம்மா படுக்கையில் கிடந்தபோது மூன்று மாதம் நான்தான் போய் ஊசி போட்டேன். வெயிலும் மழையும் இல்லாத இடத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் யாருக்குத்தான் வேண்டாம்? அவனுக்கும் இரண்டு கால்கள் இருக்கின்றன.

இவளும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் மூத்தவர் என்பதை ஆளெடுப்புத் தேர்வில் யார் முன்னால் வந்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்வார்கள். இவள் மூன்றாவது, அவன் பத்தொன்பதாவது. ஆகவே இடம் தனக்குத்தான் என்று இவள் நிம்மதியாக இருந்தாள். அறிவிப்போடு சேர்த்து ஒட்டியிருந்த பணிமூப்புப் பட்டியலை மூன்றாம் நாள்தான் நின்று படித்திருக்கிறாள். பதின்மூன்றாவது இடத்தில் விசில். பதினான்காவது இடத்தில் இவள். இருவருக்கும் சேர்ந்த தேதி ஒன்றுதான். ஆனால் அவன் தேதிக்குப் பக்கத்தில் முற்பகல் என்றும் இவள் தேதிக்குப் பக்கத்தில் பிற்பகல் என்றும் இருந்தது. முற்பகலில் சேர்ந்தவர்தான் மூத்தவர்; தேர்வில் யார் முன்னால் என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பதினோரு வருடமாக அந்தக் கடைசிக் கட்டத்தை அவள் படித்ததே இல்லை. அடுத்தவர் பையில் இருக்கும் பேனாக்கத்தியைத் திரையில் கண்டுபிடிப்பவளுக்குத் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வார்த்தை கண்ணில் படவில்லை.

“பிற்பகலாம் அக்கா! காலையில எட்டரைக்கெல்லாம் போய் பெஞ்சுல உட்கார்ந்தவ நான்.”

“அப்புறம் எப்படிப் பிற்பகல் ஆச்சு?”

“சட்டையால.”

தேர்வில் முன்னால் வந்த சிலர் வராமல்போக, அந்த வருடம் சேர்ந்த பன்னிரண்டு பேரில் இவள் ஒருத்திதான் பெண். அந்தப் பன்னிரண்டில் இன்னும் இங்கே மிச்சமிருப்பது இவளும் விசிலும்தான். சீருடைக் கிடங்கில் இருந்ததெல்லாம் ஆண்களுக்கான அளவு. இருந்ததிலேயே சின்னச் சட்டை இவளுக்கு முழங்கால்வரை வந்தது. சீருடை போடாத ஆளிடம் பணியேற்புப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க மாட்டேன் என்று எழுத்தர் சொல்லிவிட்டார். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை, அவராக வைத்துக்கொண்டது. இன்னொரு கட்டடத்திலிருந்து அளவுச் சட்டை வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். அப்போதுதான் கையெழுத்து.

“அதுவரைக்கும் பெஞ்சுலயேவா உட்கார்ந்திருந்தே?”

“எங்க உட்கார்ந்தேன்? பொம்பளைங்க வரிசையைச் சோதிக்கற அம்மா அன்னைக்கு லீவு. வெயில்ல வரிசை நீண்டுபோச்சு. ‘நீ போய் நில்லும்மா’ன்னு அப்ப இருந்த சீஃப் சொன்னாரு. சொந்தத் துணியோடயே போய் நின்னேன். வேலையைக் காலையிலயே ஆரம்பிச்சுட்டேன், கையெழுத்துதான் மத்தியானம்.”

அந்தப் பழைய சீஃப் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. எழுத்தர் ஓய்வுபெற்று எங்கோ போய்விட்டார். அறிவிப்புக் காலம் முடிவதற்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஆவணம் இல்லாத ஆட்சேபணையைப் படிக்கவே மாட்டார்கள். அன்றாடப் பணிப் பதிவேடு இருந்தால் போதும். அதைப் பத்து வருடத்துக்குமேல் வைத்திருப்பதில்லை. போன வருடம்தான் அந்த வருடத்துக் கட்டுகளை அழித்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த வழியை நான் சொன்னேன்.

“டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கித் தர்றேன். நின்னு செய்யற வேலை ஆகாதுன்னு எழுதிட்டா, உட்கார்ற எடம் கொடுத்துத்தானே ஆகணும்? பொய்யில்லையே, உன் காலே சாட்சி.”

“கொடுப்பாங்க அக்கா. எந்த எடம்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. கீழ்த்தளத்துல சாவி மாட்டற பலகைக்கு எதிர்ல ஒரு நாற்காலியைப் போட்டுடுவாங்க. அங்க உட்கார்ந்து சாவியை எண்ணிட்டிருக்கலாம். அதுக்கப்புறம் லிஸ்ட்ல என் பேருக்குப் பக்கத்துல ‘இலகுப் பணி’ன்னு எழுதிடுவாங்க. ரிட்டயர் ஆகறவரைக்கும் அது போகாது.”

“உனக்குக் கால் முக்கியமா, லிஸ்ட் முக்கியமா?”

“எனக்கு அந்த எடம் முக்கியம். பாவம்னு கொடுக்கற நாற்காலி வேண்டாம். எனக்கு வர வேண்டியது முறைப்படி வரணும்.”

வீம்பு என்று நினைத்தேன். சான்றிதழுக்கு மறுநாளே டாக்டரிடம் நேரமும் வாங்கினேன். நான் நினைத்தது தவறு என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடுவேன்.

அன்று சாயங்காலம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி சுற்றியிருந்தபோது காலை வெடுக்கென்று இழுத்தாள். துணிச்சுருள் என் கையிலிருந்து நழுவி உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது.

“நாலாம் நம்பர்!” என்றாள்.

“என்ன நாலாம் நம்பர்? ஆடாம இரு.”

“நாலாம் நம்பர் டிடெக்டர், அக்கா! அன்னைக்கு நான் வாங்கினது நாலாம் நம்பர்!”

பாதுகாப்புப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. டிடெக்டரைக் கையில் வாங்கினால் அந்த நிமிடமே நேரம் எழுதி, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டடம் தீப்பிடித்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள் என்று என் தம்பி கேலி செய்வான். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பதிவேடு. அந்தப் பதிவேட்டுக்குப் பத்து வருடக் கணக்குக் கிடையாது. கருவி உபயோகத்தில் இருக்கும்வரை அதன் பதிவேடும் இருக்கும். கருவியைக் கழித்துக்கட்டும்போதுதான் பதிவேட்டையும் அழிப்பார்கள்.

நாலாம் நம்பர் இன்னும் உபயோகத்தில் இருந்தது. ஏன் இருந்தது என்றால் இவளால் இருந்தது. புதிதாக வந்த மெல்லிய கருவிகளை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, இவள் மட்டும் அந்தக் கனமான பழசையே தூக்கிக்கொண்டு நிற்பாள். புதியவை சட்டைக் கொக்கிக்கெல்லாம் கூவுமாம். இது கூவ வேண்டியதற்கு மட்டும் கூவுமாம். போன வருடம் கழிக்க வேண்டிய சாமான்களின் பட்டியலில் அதைச் சேர்த்தபோது, நன்றாக வேலை செய்கிறது என்று இவள் எழுதிக் கொடுத்து அதை நீக்க வைத்தாள். “அந்த உலக்கையை உங்களுக்கே சீதனமாக் கொடுத்துடுவாங்க” என்று விசில் அப்போது சிரித்தானாம்.

மறுநாள் சீஃபுக்கு எழுதிக் கொடுத்து, அவர் எதிரிலேயே பதிவேட்டைப் பார்த்தாள். இருந்தது. அந்தத் தேதி. நேரம் முற்பகல் ஒன்பது நாற்பது. வாங்கியவர் என்ற கட்டத்தில் இவள் கையெழுத்து. நகல் எடுத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்தவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“கெடைச்சுதா இல்லையா?”

“கெடைச்சுது. கொடுத்தவர் கட்டத்துல விசிலோட கையெழுத்து இருக்கு.”

“இருந்தா என்ன?”

“பதிவேட்டுப்படி நான் மத்தியானம்தானே சேர்ந்தேன்? காலையில ஒன்பது நாற்பதுக்கு நான் வெளியாள். வெளியாள் கையில சோதனைக் கருவியைக் கொடுத்தா அது பெரிய தப்பு அக்கா. மெமோ வரும். பதவி உயர்வு தள்ளிப்போகும்.”

என் தம்பி துள்ளினான். “நல்லதாப் போச்சே! அவன் மாட்டிக்கிட்டா போட்டிக்கு ஆளே இல்ல!”

அவள் அவனைப் பார்த்த பார்வையில், கையிலிருந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

“அன்னைக்கு அவரு எடுத்துக் கொடுக்கலைன்னா முப்பது பொம்பளைங்க வெயில்ல காய்ஞ்சிருப்பாங்க. அவரும் அன்னைக்குத்தான் சேர்ந்தாரு. சீஃப் சொன்னாரு, இவரு கொடுத்தாரு” என்றாள் என்னிடம்.

“அப்ப என்ன பண்ணப்போறே?”

“ஆட்சேபணை கொடுக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிடுவேன்.”

அடுத்து நடந்தவற்றின்போது நான் அங்கே இல்லை. இவள் சொன்னதும் பிற்பாடு விசில் சொன்னதும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மத்தியானம் ஆள் மாறும் நேரத்தில் இவள் அவனிடம் போயிருக்கிறாள்.

“விசிலு, ஒரு நிமிஷம்.”

“என்னங்க, என் பையையும் திறக்கணுமா?”

“நாளைக்கு ஆட்சேபணை கொடுக்கப்போறேன். நாலாம் நம்பர் ரிஜிஸ்டர்ல, காலையில நீங்க எனக்குக் கொடுத்ததா உங்க கையெழுத்து இருக்கு.”

விசில் நின்றது.

“பதினோரு வருஷத்துக்கு முந்தினதைத் தோண்டி எடுத்தீங்களா?”

“தோண்டல. அலமாரியில சும்மாதான் இருந்துச்சு.”

“எனக்கு மெமோ வரும்னு தெரியும்ல?”

“தெரியும். அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன். முதுகுக்குப் பின்னால செஞ்சேன்னு இருக்கக் கூடாது.”

“முன்னாடியே சொல்லிட்டா வலிக்காதா?”

“வலிக்கும். ஊசி போடறவங்க சொல்லிட்டுத்தானே போடறாங்க?”

“உங்க நாத்தனார் சொல்லாமயே குத்துவாங்க. எங்க அம்மாவுக்குப் போடறப்ப பார்த்திருக்கேனே.” பிறகு அவனே கேட்டிருக்கிறான்: “அந்தக் கையெழுத்து என்னோடது இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?”

“சொல்லுங்க. பாம்பு படுத்திருக்கற மாதிரி அந்தக் கடைசி வளைவு வேற யாருக்கு வரும்?”

அவன் தன் திரைக்குத் திரும்பிப் போய்விட்டான். அன்று மத்தியானம் முழுக்க விசில் சத்தமே கேட்கவில்லை என்றாள். ஆட்சேபணையைக் கடைசி நாளில் கொடுத்துவிட்டு வந்தாள். நான் டாக்டரிடம் வாங்கிய நேரத்தை அவளுக்குத் தெரியாமலே தள்ளிப்போட்டு வைத்தேன், ரத்து செய்யவில்லை.

எட்டாம் நாள், வாசல் திறப்பதற்கு முன்னால், பாதுகாப்பு அறையில் கூடினார்கள். முறை இப்படி: அறிவிப்பைப் போர்டிலிருந்து கழற்றி எல்லோர் முன்னிலையிலும் சீஃப் படிப்பார். படிவங்களைத் திறப்பார். பணிமூப்பு வரிசையில் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் ஏற்கிறேன் அல்லது வேண்டாம் என்று அங்கேயே சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்பதெல்லாம் கிடையாது.

சீஃப் சிரிக்காத மனிதர். ஆட்சேபணையைப் படித்தார். நாலாம் நம்பர் பதிவேட்டைத் திறந்து விசில் பக்கம் நகர்த்தினார்.

“இது உங்க கையெழுத்தா?”

விசில் பதிவேட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திரையில் சந்தேகப் பையைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தானாம். இவள் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாளே தவிர உட்காரவில்லை.

“என்னோடதுதான் சார்.”

“அப்ப வேலையில சேராத ஆள் கையில கருவியைக் கொடுத்திருக்கீங்க.”

“இல்ல சார்.”

“இல்லைன்னா?”

“வேலையில சேர்ந்த ஆள்கிட்டத்தான் கொடுத்தேன். காலையில எட்டரைக்கு நாங்க எல்லாரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். அளவுச் சட்டை இல்லைன்னு எழுத்தர் இவங்ககிட்ட மட்டும் கையெழுத்து வாங்கல. வாசல்ல வரிசை நின்னுது. பழைய சீஃப் இவங்களை அனுப்பினாரு. நாலாம் நம்பரை எடுத்துக் கொடுத்தது நான். ஒரு மணி வரைக்கும் இவங்க நின்னதை நான் எதிர்ல இருந்து பார்த்தேன்.”

சீஃப் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்படின்னா இவங்க முற்பகல்ல சேர்ந்தவங்க ஆகிடுவாங்க. தேர்வுல இவங்க மூணாவது, நீங்க பத்தொன்பதாவது. என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியும் சார். ரெண்டுல ஒண்ணுதானே? ஒண்ணு, இவங்க அன்னைக்குக் காலையில வேலையில இருந்தாங்க. இல்லைன்னா நான் தப்புப் பண்ணினேன். நான் தப்புப் பண்ணல.”

என் வேலையில் நிறைய ஆண்களைப் பார்த்திருக்கிறேன். பயந்தவர்கள், கத்தியவர்கள், பிறர்மேல் பழி போட்டவர்கள். கையெழுத்து தன்னுடையது இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்காலி அவனுக்கு. யாரும் அவனைத் துருவியிருக்க மாட்டார்கள். ஒரு நாற்காலிக்காகத் தன் கையெழுத்தை விட்டுக்கொடுக்காதவன் என்று அவனைப் பற்றியும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

சீஃப் பணியேற்புப் பதிவேட்டை வரவழைத்தார். அது நிரந்தரமாக வைத்திருக்கும் பதிவேடு. சிவப்பு மையால் பிற்பகல் என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே முற்பகல் என்று எழுதினார். பிறகு பட்டியலில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினார். இவள் பெயரைக் கூப்பிட்டார்.

“குழந்தை சாட்சிகள் அறை. ஏத்துக்கறீங்களா?”

“ஒரு நிமிஷம்” என்றாள் இவள்.

அறை முழுக்கச் சிரித்துவிட்டது. இவள் சிரிக்கவில்லை.

“பதிவேட்டுல திருத்தினதுக்குப் பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடல சார். தேதியும் போடல.”

அவர் குனிந்து பார்த்தார். போடத்தான் இல்லை. போட்டார், தேதியோடு. இவள் அருகில் போய்ப் படித்துப் பார்த்தாள். இன்னொரு பெண்ணாக இருந்தால், கேட்டது கிடைத்த வேகத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பாள். இன்னொரு பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் கையெழுத்து இல்லாத திருத்தம் செல்லாது என்றிருப்பார்.

“ஏத்துக்கறேன் சார்.”

அந்தச் சிரிக்காத மனிதர் சிரித்தது அப்போதுதானாம். “இந்த வாசல் வழியா ஏன் ஒரு குண்டூசிகூட உள்ள வரலைன்னு இப்பத் தெரியுது” என்றார்.

இவள் மேலே போனதும் வாசலில் இவள் நின்ற இடம் காலி. தூணின் நிழல் விழும் இடம் அது. வாசலிலேயே நல்ல இடம். அதற்கும் அறிவிப்பு, ஏழு வேலைநாள், படிவம். இந்த முறை கேட்டவர்களில் மூத்தவன் விசில், அவனுக்கே கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

“அம்மா, உங்க தம்பி சம்சாரத்துக்குப் போட்ட அந்தக் கட்டை எனக்கும் போடுங்க. அவங்க நின்ன எடத்துல நான் நிக்கறேன், அவங்க வியாதி எனக்கு வந்துடும்போல இருக்கு.”

அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி கால். “உன் காலுக்கு ஒண்ணுமில்ல. வாய்க்குத்தான் கட்டுப் போடணும்” என்று அனுப்பினேன். டீ குடித்துவிட்டுப் போனான். அந்த எட்டாம் நாள் கதையை அவன் பக்கத்திலிருந்து கேட்டது அன்றுதான்.

தொண்ணூறு நாளும் அவள் நாலாம் நம்பரைத்தான் உபயோகித்தாள். வாசல் கருவியை இரண்டாம் மாடிக்கு மாற்ற மூன்று படிவம் எழுத வேண்டியிருந்தது, எழுதினாள். அந்த மூன்று மாதத்தில் நாற்பத்தேழு குழந்தைகள் அவளைச் சோதனை போட்டிருக்கிறார்கள். அதில் முப்பதுக்குமேல் அவளைத் திருடி என்று தீர்ப்புச் சொன்னதாகப் பெருமையோடு கணக்குச் சொல்கிறாள். ஒரு சிறுமி மட்டும், பட்டை, சாவி எல்லாம் கூவி முடித்த பிறகு, “பரவாயில்ல, நீங்க உள்ள போகலாம்” என்று வழி விட்டாளாம். அதை மட்டும் அவள் இரண்டு முறை சொன்னாள். நான் கவனிக்காததுபோலக் கட்டுத் துணியைச் சுருட்டினேன்.

தொண்ணூறாம் நாள் சீஃப் கொடுத்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: பணியில் தொடரலாம். என் தம்பி அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று சுத்தியலோடு நின்றான். அவள் அதைப் பிடுங்கி, பணியேற்புப் பதிவேட்டின் திருத்திய பக்கத்து நகலோடு சேர்த்துக் கோப்பில் வைத்தாள்.

“சுவத்துல மாட்டினா வெயில் பட்டு மை போயிடும். அப்புறம் யாராவது கேட்டா என்னத்தைக் காட்டறது?”

டாக்டரிடம் தள்ளிப்போட்டு வைத்திருந்த நேரத்தை அன்று ரத்து செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முக்காலியில் காலைத் தூக்கி வைத்தாள். டேப்பை இடது கணுக்காலில் சுற்றினேன். நம்பாமல் இன்னொரு முறை சுற்றினேன். இருபத்துமூன்றரை.

நோட்டில் எழுதினேன். தேதி போட்டேன். வழக்கமாக நான் நேரம் எழுதுவதில்லை. அன்று எழுதினேன், பக்கத்தில் முற்பகல் என்றும் போட்டேன். அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள்.

“கையெழுத்து அக்கா?” என்றாள்.

போட்டேன்.